நாயை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோவது: சொந்தமாகச் செய்வதா, ஏஜண்டிடம் கொடுப்பதா, ஊரிலேயே விட்டுப்போவதா?

விசா, வீடு, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் முடிவான பிறகு, கடைசியில்தான் வாசலில் படுத்திருக்கும் நாயின் ஞாபகம் வருகிறது. மலேசியாவில் பேராக்கின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களிலிருந்து மெல்பர்னுக்கும் பெர்த்துக்கும் குடிபோகும் குடும்பங்கள் பலவும் இடறுவது இங்கேதான். ஒரு நாய் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர ஏழெட்டு மாதம் பிடிக்கும். அதில் ஆறு மாதம் வெறும் காத்திருப்பு. எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த ஆறு மாதத்தை யாராலும் குறைக்க முடியாது. ஆகவே "ஏஜண்டிடம் கொடுத்துவிட்டால் சீக்கிரம் முடித்துவிடுவார்" என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுவது நல்லது. ஏஜண்ட் உங்கள் அலைச்சலைக் குறைப்பார், நாட்களைக் குறைக்க மாட்டார்.

ஆஸ்திரேலியாவில் நாய்களிடம் ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய், கிடையாது. அந்த நிலையைக் காக்கத்தான் இத்தனை கெடுபிடி. நாய், பூனை வரும் நாடுகளை அவர்கள் மூன்று குழுவாகப் பிரித்திருக்கிறார்கள். மலேசியா மூன்றாம் குழுவில் இருக்கிறது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017இல் சரவாக்கிலும் ரேபிஸ் தலைதூக்கியதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கண்டிப்பு நியாயமானதே. மூன்றாம் குழு நாட்டிலிருந்து போகும் நாய்க்குத் தோலுக்கடியில் போடும் அடையாள மைக்ரோசிப், ரேபிஸ் ஊசி, அந்த ஊசி உடலில் வேலை செய்கிறதா என்று காட்டும் இரத்தப் பரிசோதனை, 180 நாள் காத்திருப்பு, இறக்குமதிப் பெர்மிட், வேறு சில நோய்ப் பரிசோதனைகள், புழு உண்ணி மருந்து, விமானம், மெல்பர்னுக்கு வடக்கே மிக்கிள்ஹாமில் உள்ள அரசாங்கத் தனிமை நிலையத்தில் தங்கல் என்று வரிசையாக உண்டு. நிலையம் அங்கே ஒன்றுதான். நீங்கள் பெர்த்தில் குடியேறினாலும் நாய் மெல்பர்னில்தான் இறங்க வேண்டும். தனிமை முடிந்த பிறகு உள்நாட்டு விமானத்தில் பெர்த்துக்கு இன்னொரு பயணம். அந்தச் செலவைப் பலரும் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

வீட்டில் கிளி, மைனா, முயல் இருந்தால் இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. வளர்ப்புப் பறவையையும் முயலையும் நியூசிலாந்திலிருந்து மட்டுமே ஆஸ்திரேலியா ஏற்கிறது. அவற்றுக்கு ஊரில் நல்ல வீடு பாருங்கள். நாய்களிலும் பிட்புல், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ, பிரேசா கனாரியோ ஆகிய ஐந்து இனங்களுக்கு அனுமதி இல்லை.

முடிவெடுக்கும் முன் ஓர் உண்ணிப் பரிசோதனை

சொந்தமாகச் செய்வதா ஏஜண்டா என்று யோசிப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த நாய் போகவே முடியுமா? தோட்டப்புற நாய்களில் பல இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. காரணம் ரேபிஸ் அல்ல, உண்ணி.

நம் ஊர் நாய்களின் காதிலும் கால்விரல் இடுக்கிலும் ஒட்டியிருக்கும் பழுப்பு நாய் உண்ணி எர்லிக்கியா கேனிஸ் என்ற கிருமியைப் பரப்புகிறது. ஊர் வழக்கில் உண்ணிக் காய்ச்சல். மேற்கு ஆஸ்திரேலியாவில் 2020இல் இந்தக் கிருமி முதல்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அங்குள்ள நாய்களுக்கு இதனால் பெரும் பாதிப்பு. மலேசியாவிலிருந்து போகும் ஒவ்வொரு நாய்க்கும் புறப்படுவதற்கு முந்தைய 45 நாட்களுக்குள் எடுத்த இரத்தத்தில் எர்லிக்கியாவுக்கு எதிர்ப்புப் பொருள் (ஆன்டிபாடி) இல்லை என்று காட்ட வேண்டும். இதில் சிக்கல் என்னவென்றால், மருந்து கொடுத்துக் காய்ச்சல் போன பிறகும் அந்த எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் பல மாதம், சில நாய்களில் ஓராண்டுக்கு மேலும் தங்கும். நாய் ஆரோக்கியமாக ஓடியாடிக்கொண்டிருக்கும், தாள் மட்டும் 'பாசிட்டிவ்' என்று சொல்லும். டிக்கெட், பெர்மிட், தனிமை நிலைய இடம் எல்லாம் பதிவான பிறகு கடைசி மாதத்தில் இதைத் தெரிந்துகொள்வதைவிட மோசமான நிலை வேறில்லை.

ஆகவே மைக்ரோசிப்புக்கு முன்பே, எந்தச் செலவுக்கும் முன்பே, கிளினிக்கில் எர்லிக்கியாவுக்கு உடனடிச் சோதனை செய்யுங்கள். ஸ்னாப் ஃபோர் டிஎக்ஸ் என்ற பெட்டிச் சோதனை பல கிளினிக்குகளில் உண்டு; சில சொட்டு இரத்தம், பத்து நிமிடத்துக்குள் விடை. இதயப்புழு இருக்கிறதா என்பதையும் அதே சோதனை சொல்லிவிடும். இது ஆஸ்திரேலியா கேட்கும் அதிகாரப்பூர்வப் பரிசோதனைக்கு மாற்று அல்ல. உங்கள் நாயின் நிலை என்ன என்று உங்களுக்குத் தெரிவதற்காக மட்டும்.

விடை 'நெகட்டிவ்' என்றால் அன்றே உண்ணிக் கட்டுப்பாட்டைத் தொடங்குங்கள், கடைசி நாள் வரை விடாதீர்கள். 'பாசிட்டிவ்' என்றால் டாக்டர் வழக்கமாக 28 நாள் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுப்பார். ரேபிஸ் காத்திருப்பு ஆறு மாதம் எப்படியும் ஓடும் என்பதால், அந்தக் காலத்திலேயே எதிர்ப்புப் பொருள் இறங்குகிறதா என்று நான்காம், ஐந்தாம் மாதத்தில் திரும்பச் சோதிக்கலாம். இறங்கவில்லையென்றால் பயணத் தேதியைத் தள்ளிப்போட இன்னும் நேரம் இருக்கும். வேலை தேதி நெருங்கிவிட்ட குடும்பங்கள் இந்தக் கட்டத்தில்தான் நாயைப் பின்னால் அனுப்புவதா, ஊரிலேயே விடுவதா என்ற முடிவை நிதானமாக எடுக்க முடியும்.

உண்ணி நாயின் மேல் இருப்பதைவிட அதிக நாள் சுவரிலும் தரையிலும்தான் வாழ்கிறது. லயன் வீட்டுப் பலகைச் சுவரின் விரிசல், சிமெண்டுத் தரையின் பிளவு, சோபாவின் அடி, நாய் படுக்கும் சாக்கு எல்லாம் அதன் குடியிருப்பு. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டு, படுக்கும் இடத்தை அப்படியே விட்டால் பயனில்லை. சாக்கை எரித்துவிட்டுத் துவைக்கக்கூடிய துணிக்கு மாறுங்கள். விரிசல்களுக்கு வாரந்தோறும் மருந்தடியுங்கள். செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடித் திரிந்து திரும்பும் நாயைக் கடைசி மூன்று மாதமாவது கயிற்றில் வையுங்கள். வீட்டில் பூனையும் இருந்தால் ஓர் எச்சரிக்கை: பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்கு நஞ்சு. மருந்து போட்ட நாயைப் பூனை நக்கினாலோ, அதோடு ஒட்டிப் படுத்தாலோகூட ஆபத்து.

10 நாளா, 30 நாளா: ஒரு கையெழுத்தின் விலை

2023 மார்ச் 1 முதல் ஆஸ்திரேலியா ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. ரேபிஸ் எதிர்ப்புப் பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதற்கு முன்பே, நாயின் மைக்ரோசிப்பை அரசாங்கக் கால்நடை மருத்துவர் ஸ்கேன் கருவியால் வருடிப் பார்த்து "இது இந்த நாய்தான்" என்று அடையாளச் சான்று கொடுத்திருந்தால், மிக்கிள்ஹாமில் குறைந்தபட்சத் தங்கல் 10 நாள். அந்தச் சான்று இல்லாமல் இரத்தம் எடுத்திருந்தால் 30 நாள். தங்கலுக்கு நாள் கணக்கில் கட்டணம். நீங்கள் போய்ப் பார்க்கவும் முடியாது. கூடுதல் 20 நாள் என்பது பணம் மட்டுமல்ல, புது நாட்டில் ஒரு விலங்கு தனியாகக் கழிக்கும் கூடுதல் 20 இரவு.

ஊர் கிளினிக்கில் போய் "ரேபிஸ் ஊசியும் போட்டு, இரத்தமும் எடுத்துவிடுங்கள், டாக்டர்" என்றால் அவர் செய்துவிடுவார். அவர் தவறு செய்யவில்லை, நீங்கள் கேட்டதைச் செய்தார். ஆனால் அந்த ஒரு வார்த்தை 20 நாளைக் கூட்டிவிட்டது. சரியான வரிசை இதுதான்: மைக்ரோசிப், ரேபிஸ் ஊசி, அரசாங்கக் கால்நடை மருத்துவரிடம் அடையாளச் சோதனை, அதற்குப் பிறகே இரத்தம். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் இருப்பதால் அங்குள்ள மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்திலோ ஈப்போவில் மாநில அலுவலகத்திலோ முன்கூட்டியே பேசி நாள் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலிய அரசு இணையதளத்தில் உள்ள அடையாளப் படிவத்தை அச்செடுத்து நீங்களே கொண்டுபோங்கள். அந்த அலுவலகத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் மாடு, ஆடு, கோழி வளர்ப்பவர்கள். நாயை வெளிநாட்டுக்கு அனுப்பும் படிவம் மேசையில் தயாராக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மைக்ரோசிப் 15 இலக்க ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர) வகையாக இருக்கட்டும். ஏற்கெனவே பழைய சிப் இருந்தால் முதலில் அது படிக்கிறதா என்று பாருங்கள். தோளிடையில் போட்ட சிப் சில நாய்களில் முன்னங்கால் பக்கம் நகர்ந்துவிடும். கழுத்திலிருந்து முழங்கை வரை இரு பக்கமும் வருட வேண்டும். எண்ணைக் கையால் எழுத விடாதீர்கள். சிப்போடு வரும் ஒட்டுத்தாளை ஒவ்வொரு படிவத்திலும் ஒட்டுவது பாதுகாப்பு. 15 இலக்கத்தில் ஒன்று மாறினாலும் அந்தப் பரிசோதனை வேறு நாயுடையது என்றே எடுத்துக்கொள்வார்கள், 180 நாள் புதிதாகத் தொடங்கும்.

அடுத்தது இரத்தம். அதில் இருக்க வேண்டிய ரேபிஸ் எதிர்ப்புப் பொருளின் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 ஐயு (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல். தீபகற்ப மலேசியாவின் பல ஊர்களில் நாய்களுக்கு ரேபிஸ் ஊசி வழக்கமாகப் போடப்படுவதில்லை. உங்கள் நாய்க்கு இதுவே முதல் ஊசியாக இருக்கலாம். முதல் ஊசிக்குப் பிறகு எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு வாரத்தில் உச்சத்துக்கு வந்து, பிறகு இறங்கத் தொடங்கும். ஒரே ஊசியில் 0.5ஐத் தொடாத நாய்களும் உண்டு. நாங்கள் பரிந்துரைப்பது இரண்டு ஊசி: முதலாவது, மூன்று நான்கு வாரம் கழித்து இரண்டாவது, அதிலிருந்து மூன்று நான்கு வாரம் கழித்து இரத்தம். ஒரு மாதம் கூடும், ஆனால் தோல்விக்கு ஆறு மாத விலை கொடுக்க வேண்டாம்.

இரத்தத்தைச் சுழற்றி நீர்மத்தை (சீரம்) பிரித்துக் குளிரில் அனுப்ப வேண்டும். வெப்பத்தில் இரத்த அணுக்கள் உடைந்து சிவந்துபோன மாதிரியை ஆய்வகம் திருப்பி அனுப்பலாம். வெள்ளிக்கிழமை எடுக்காதீர்கள், தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரத்திலும் எடுக்காதீர்கள். பார்சல் எங்கேயோ வெயிலில் கிடக்கும். 180 நாள் கணக்கு ஆய்வகத்துக்கு மாதிரி வந்து சேர்ந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது, இரத்தம் எடுத்த நாளிலிருந்து அல்ல. பரிசோதனை செல்லுவது 12 மாதம். ஆக உங்களுக்குப் பயணம் செய்யக் கிடைப்பது ஏறக்குறைய ஆறாம் மாதத்துக்கும் பன்னிரண்டாம் மாதத்துக்கும் இடைப்பட்ட காலம். இடையில் ரேபிஸ் ஊசியின் காலம் முடிய விட்டுவிட்டால் எல்லாமே வீண். முடிவதற்கு முன்பே அடுத்த ஊசி போட்டுவிடுங்கள்.

ஏஜண்ட் எதற்கு, எதற்கு வேண்டாம்

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். மேலே சொன்னவை எல்லாம் முதல் ஆறு மாத வேலை. நாய் உங்கள் வீட்டில், டாக்டர் உங்கள் ஊரில், அரசு அலுவலகம் பக்கத்தில். கோலாலம்பூரில் உள்ள ஒரு ஏஜண்ட் இதில் செய்யக்கூடியது, நினைவூட்டலும் படிவம் சரிபார்ப்பும்தான். தேதிக் குறிப்பேடு ஒன்று, ஒட்டுத்தாள்கள், பொறுமை இருந்தால் இதை நீங்களே செய்யலாம், செய்வதே நல்லது. எந்த மருந்து என்று போடப்பட்டது என்பதை உங்களைவிட யாரும் ஒழுங்காக வைத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் கடைசி இரண்டு மாதம் வேறு கதை. ஆஸ்திரேலியாவுக்குப் போகும் நாய் பயணியின் பெட்டியோடு போக முடியாது, பதிவான சரக்காகத்தான் போக வேண்டும். விமான நிறுவனங்களின் சரக்குப் பிரிவு பெரும்பாலும் சரக்கு ஏஜண்ட் வழியாகத்தான் விலங்கை ஏற்கும். கூண்டு விதிக்கு ஏற்றதா, விமானத்தில் அன்று விலங்குக்கு இடம் உண்டா, தனிமை நிலைய வருகை நேரத்தோடு அது பொருந்துமா, மலேசியக் கால்நடைத் துறையின் சுகாதாரச் சான்றிதழ் எந்த நாளில் வாங்குவது என்பதையெல்லாம் தினமும் செய்பவர் செய்தால்தான் சிக்கல் குறையும். சுங்கை சிப்புட்டிலிருந்து கேஎல்ஐஏ விமான நிலையம் ஏறக்குறைய 280 கிலோமீட்டர். கடைசி நேரத்தில் ஒரு தாள் குறைந்தால் ஓடிப்போய் எடுத்துவர முடியாத தூரம்.

எங்கள் கருத்து இதுதான்: முதல் பாதி நீங்கள், இரண்டாம் பாதி ஏஜண்ட். முழுப் பொதியாக எல்லாவற்றையும் ஒப்படைப்பது, பெற்றோர் இருவரும் ஏற்கெனவே வெளிநாடு போய்விட்டு, தாத்தா பாட்டி மட்டும் நாயோடு இருக்கும் வீட்டுக்குப் பொருந்தும். முழுக்க முழுக்கச் சொந்தமாகச் செய்வது, குடும்பத்தில் யாராவது கப்பல் சரக்கு அல்லது சுங்கத் துறையில் வேலை செய்தால் ஒழிய, மிச்சமாகும் பணத்துக்கு ஈடாகாத மன உளைச்சல்.

ஏஜண்டிடம் பேசும்போது இதையெல்லாம் கேளுங்கள்: இரத்தம் எடுப்பதற்கு முன்பே என் தாள்களைப் பார்ப்பீர்களா? பெர்மிட் என் பெயரிலா உங்கள் பெயரிலா? தனிமை நிலையக் கட்டணம், சரக்குக் கட்டணம், மெல்பர்ன் பக்கச் செலவு எல்லாம் தனித்தனியாக எழுதித் தருவீர்களா? பரிசோதனை தோற்றுப் பயணம் தள்ளிப்போனால் எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது? கடைசிக் கேள்விக்குத் தடுமாறுபவரை விட்டுவிடுங்கள். செல்லப்பிராணிகளை அனுப்புபவர்களின் உலகச் சங்கமான ஐபாட்டாவின் உறுப்பினரா என்றும் பாருங்கள். உறுப்பினர் என்பது ஓர் உத்தரவாதம் அல்ல, ஆனால் முகநூலில் மட்டும் இருக்கும் முன்பின் தெரியாத நபரிடம் முன்பணம் கட்டுவதைவிட நல்லது.

கூண்டு: பிளாஸ்டிக்கா, மரமா

சரக்குக் கட்டணம் நாயின் எடைக்கு அல்ல, கூண்டு அடைக்கும் இடத்துக்கு. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000ஆல் வகுத்தால் வரும் கிலோ நாயும் கூண்டும் சேர்ந்த உண்மை எடையைவிடக் கூடுதலாக இருந்தால், அதுவே கணக்கு. விமானச் சங்கமான ஐயாட்டாவின் விதிப்படி உள் அளவு இப்படி: மூக்கிலிருந்து வாலின் அடி வரை உள்ள நீளத்தோடு, தரையிலிருந்து முழங்கை வரையுள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தின் இரு மடங்கு கூண்டின் அகலம். நின்றால் தலை அல்லது காது நுனி வரையுள்ள உயரத்தோடு படுக்கையின் தடிமனைக் கூட்டினால் கூண்டின் உயரம். பக் மாதிரி தட்டை மூக்கு இனங்களுக்கு 10 சதவீதம் கூடுதல்.

20 கிலோ ஊர் நாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூக்கிலிருந்து வாலடி 75, முழங்கை உயரம் 30, தோள் 22, தலை உயரம் 62 சென்டிமீட்டர். தேவையான உள் அளவு 90க்கு 44க்கு 65. கடையில் கிடைக்கும் அடுத்த அளவுப் பிளாஸ்டிக் கூண்டு வெளியளவில் ஏறக்குறைய 91க்கு 64க்கு 68 என்றால், கணக்கு எடை 66 கிலோ. அளவெடுத்துச் செய்த மரக்கூண்டு, பலகைத் தடிமனோடு 94க்கு 48க்கு 71 என்றால் 53 கிலோ. 13 கிலோ மிச்சம். பார்க்கக் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது, ஆனால் மரச்சட்டத்துக்கு வெப்பச் சிகிச்சை முத்திரை வேண்டும். ஆஸ்திரேலியா மரப்பூச்சி விஷயத்திலும் கண்டிப்பு. ஊர் தச்சர் பழைய பலகையில் நன்றாகவே செய்து தருவார், முத்திரை இல்லாத பலகையைத் துறைமுகமோ விமான நிலையமோ ஏற்காது. நடுத்தர நாய்க்குப் பிளாஸ்டிக்கே எங்கள் தேர்வு. பெரிய உடம்புள்ள ஷெப்பர்டு, ராட்வைலர் போன்றவற்றுக்கு மட்டும் மரக்கூண்டு செய்பவரைத் தேடுங்கள்.

பிளாஸ்டிக் கூண்டின் இரு பாதியையும் சேர்க்கும் பிளாஸ்டிக் கவ்விகளை எடுத்துவிட்டு உலோக போல்ட்டும் நட்டும் போடுங்கள். சக்கரம் இருந்தால் கழற்றிவிடுங்கள். நான்கு பக்கமும் காற்று போக வேண்டும். தண்ணீர்ப் பாத்திரம் வெளியிலிருந்தே நிரப்பும்படி கதவில் மாட்டியிருக்க வேண்டும். உள்ளே விரிக்கும் துணி தூக்கி எறியக்கூடியதாக இருக்கட்டும். அன்போடு கொடுத்தனுப்பும் பழைய போர்வை உங்களிடம் திரும்பி வரும் என்று நினைக்க வேண்டாம்.

வாழ்நாளில் ஒரு நாளும் கூண்டில் இருந்திராத நாய், வாசலில் படுத்து வளர்ந்த நாய், எட்டு மணி நேர விமானத்தில் பயப்படுவது இயற்கை. மயக்க மருந்து கொடுக்கக்கூடாது. பறக்கும்போது மூச்சும் இரத்த அழுத்தமும் இறங்கி ஆபத்தாகும், விமான நிறுவனமும் ஏற்காது. பழக்கம்தான் மருந்து. எட்டு வாரத்துக்கு முன்பே கூண்டைக் கதவில்லாமல் வீட்டுக்குள் வையுங்கள். சாப்பாட்டை அதற்குள்ளேயே கொடுங்கள். பிறகு கதவை மாட்டி ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், அரை மணி, நான்கு மணி என்று நீட்டுங்கள். கடைசி இரண்டு வாரத்தில் கூண்டோடு வேனில் ஏற்றி ஈப்போ வரை ஒரு சுற்று. இரவு விமானத்தையே கேளுங்கள். நம் ஊர்ப் பகல் வெயிலில் சரக்கு ஏற்றும் தளத்தில் காத்திருப்பதுதான் விமானத்தைவிட நாய்க்குக் கடினம்.

சோற்றுக் கஞ்சி, மீன்தலை, கறிக்குழம்பு மிச்சம் என்று வளர்ந்த நாய்க்கு மிக்கிள்ஹாமில் கிடைப்பது கடைத் தீனி. அங்கே போய்த்தான் முதல்முறை பார்க்கும் என்றால் சாப்பிடாது, சாப்பிட்டால் வயிறு போகும். மூன்று வாரத்துக்கு முன்பே சோற்றில் தீனியைக் கலந்து கலந்து முழுத் தீனிக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

கடைசி 45 நாள்

180 நாள் முடியும் நேரத்தைக் கணக்கிட்டு, முன்கூட்டியே இறக்குமதிப் பெர்மிட்டுக்கு விண்ணப்பியுங்கள். பெர்மிட் வந்த பிறகே மிக்கிள்ஹாமில் இடம் பதிவு செய்ய முடியும். டிசம்பர், ஜனவரியில் நெரிசல். பெர்மிட்டில் எழுதியிருக்கும் நிபந்தனைகளே கடைசி வார்த்தை, வேறு யார் என்ன சொன்னாலும் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

வெளி உண்ணி, தெள்ளு மருந்து நாய்க்குக் குறைந்தது 30 நாள் முன்பே தொடங்கி, இடைவெளி விழாமல் புறப்படும் நாள் வரை தொடர வேண்டும். தோலில் ஊற்றும், தொட்டவுடனே உண்ணியைக் கொல்லும் வகையாக இருக்க வேண்டும். உண்ணி கடித்த பிறகே கொல்லும் மாத்திரைகள் செல்லாது. மாத்திரை கொடுத்துப் பழகிய வீடுகள் இங்கே ஏமாறுகின்றன. மருந்தின் பெயர், உள்ளடக்கம், போட்ட தேதி எல்லாம் டாக்டர் எழுதித் தர வேண்டும். உள்புழுவுக்கு 45 நாளுக்குள் இரு முறை, இடைவெளி 14 நாளுக்குக் குறையாமல், இரண்டாவது புறப்படுவதற்கு முந்தைய ஐந்து நாட்களுக்குள். அதே ஐந்து நாளுக்குள் உடல் பரிசோதனை. எர்லிக்கியாவோடு லீஷ்மேனியா, புரூசெல்லா என்ற நோய்க்கிருமிகளுக்கான பரிசோதனைகளும் இந்த 45 நாளில் வரும். லெப்டோ என்ற எலிக் காய்ச்சலுக்குப் பரிசோதனை அல்லது ஊசி என்று தேர்வு உண்டு. எலிகளும் சாக்கடையும் உள்ள தோட்டப்புறத்தில் ஊசியையே தேர்ந்தெடுங்கள். ஊசியில் அந்தக் கிருமியின் கேனிகோலா வகை அடங்கியிருக்கிறதா என்று பாட்டிலைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

தீபகற்ப மலேசியாவிலிருந்து போகும் விலங்குகளுக்கென்றே உள்ள நிபந்தனை நீப்பா வைரஸ் நோயைப் பற்றியது. 1998, 1999இல் கிந்தா பகுதியில் தொடங்கி நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வரை பரவி, நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்து, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளைக் கொல்ல வைத்த அந்த நோயின் பெயரே சுங்கை நீப்பா கம்பத்திலிருந்து வந்தது. அதன் நிழல் இன்றும் இந்தப் படிவங்களில் இருக்கிறது. நாயோ பூனையோ கடந்த 60 நாளில் நீப்பா கண்ட இடத்தில் இருக்கவில்லை என்ற சான்றும் இரத்தப் பரிசோதனையும் கேட்பார்கள். பன்றிப் பண்ணைக்கு அருகில் வீடு என்றால் நாயை அந்தப் பக்கம் விடாமல் இருப்பது நல்லது.

சான்றிதழ்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். மலாயில் எழுதிய பழைய ஊசி அட்டையை வைத்திருங்கள், ஆனால் அதையே நம்ப வேண்டாம்.

பூனையா?

பூனைக்கு எர்லிக்கியா, லீஷ்மேனியா, புரூசெல்லா, லெப்டோ பரிசோதனை எதுவும் இல்லை. மைக்ரோசிப், ரேபிஸ், அடையாளம், 180 நாள், நீப்பா, புழு, உண்ணி தெள்ளு மருந்து 21 நாளிலிருந்து, அவ்வளவுதான். வீட்டில் ஒன்றைத்தான் கொண்டுபோக முடியும் என்ற நிலை வந்தால், பூனை பெரும்பாலும் சுலபம்.

விட்டுப்போவது எப்போது சரி

இதைக் குற்ற உணர்ச்சியோடு பேச வேண்டியதில்லை. 11, 12 வயதைத் தாண்டிய நாய், இதய நோய் உள்ள நாய், மூச்சு வாங்கும் தட்டை மூக்கு நாய், வெளியாட்களைக் கண்டு கடிக்கும் நாய், உண்ணிக் காய்ச்சல் எதிர்ப்பு ஓராண்டாகியும் இறங்காத நாய், இவற்றை விமானத்தில் ஏற்றுவதைவிடப் பழகிய வாசலில், பழகிய மனிதர்களோடு விடுவது அன்பான முடிவு. தனிமை நிலையத்தில் ஒரு வயதான நாய் உண்ணாமல் படுத்துக்கிடப்பதை யாரும் விரும்பமாட்டார்கள்.

ஆனால் விடுவதற்கும் ஆயத்தம் வேண்டும். "பாட்டி பார்த்துக்கொள்வாங்க" என்பது போதாது. கருத்தடை செய்துவிடுங்கள். அந்த ஆண்டு ஊசிகள், ரேபிஸ் உட்பட, முடித்துவிடுங்கள். நகராட்சி நாய் லைசென்ஸைப் பாட்டி அல்லது அண்ணன் பெயருக்கு மாற்றுங்கள். லைசென்ஸ் இல்லாத நாயைப் பிடித்துப் போக அதிகாரம் உண்டு. இதயப்புழு மருந்தும் உண்ணி மருந்தும் மாதக் கணக்கில் வாங்கிக் கொடுங்கள், எந்த நாளில் எதை என்று காலண்டரில் எழுதி மாட்டுங்கள். கிளினிக்கில் ஒரு தொகையை முன்பணமாகக் கட்டிவைத்து, பாட்டி அழைத்தால் டாக்டர் பார்க்கும்படி சொல்லிவையுங்கள். நீங்கள் போகும் முன் குறைந்தது ஒரு மாதம், சாப்பாடு போடுவதும் நடத்திக்கொண்டு போவதும் அவர்கள் கையில் இருக்கட்டும்.